டிராக்டருக்கு எந்த ஆயில்? ஹவர் மீட்டரைக் கேளுங்கள்

டிராக்டருக்கு எந்த எஞ்சின் ஆயில் ஊற்றுவது என்று நான்கு பேரிடம் கேட்டால் நான்கு பதில் கிடைக்கும். "சாதா ஆயிலே போதும், அப்பா காலத்திலிருந்து அதைத்தானே ஊற்றுகிறோம்" என்பார் ஒருவர். "சிந்தெடிக் ஊற்றிவிட்டால் எஞ்சினைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்" என்பார் கடைக்காரர். மெக்கானிக் தனக்குப் பழகிய கேனைக் காட்டுவார். விலையோ ஒன்றுக்கொன்று இரண்டு மடங்குக்கு மேல்கூட வேறுபடும். விதைக்கும் உரத்துக்கும் வேளாண் அலுவலரிடம் ஆலோசனை கேட்கும் நாம், பல லட்சம் கடன் வாங்கி எடுத்த இயந்திரத்துக்கான ஆயிலை மட்டும் வாய்ப்பேச்சை நம்பி வாங்குகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஓடும் 50 குதிரைத்திறனுக்கு உட்பட்ட பெரும்பாலான டிராக்டர்களுக்கு, கையேட்டில் சொன்ன தரத்தில் உள்ள நல்ல மினரல் ஆயிலே போதும். சிந்தெடிக் ஆயில் தரமானதுதான். ஆனால், அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் எல்லோருக்கும் திரும்பி வருவதில்லை. எஞ்சினின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பவை மூன்று: சரியான தரக் குறியீடு உள்ள ஆயில், மணிக்கணக்கு தவறாமல் மாற்றுவது, தூசியை உள்ளே விடாதது. இந்த மூன்றும் சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆயிலும் எஞ்சினைக் காப்பாற்றாது.

உழவியல் படித்தவருக்கு எஞ்சின் ஆயிலில் என்ன வேலை என்று கேட்கலாம். குறுகிய கால நெல் ரகங்களின் நாற்று 18 முதல் 22 நாளுக்குள் நடவு வயலுக்குப் போக வேண்டும். சேற்றுழவு நடக்கும் அந்த வாரத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டால், பிரித்து, லைனர், பிஸ்டன், ரிங் மாற்றி, மீண்டும் பூட்டி எடுக்க ஒரு வாரமாவது ஆகும். அதே நேரத்தில் ஊரில் எல்லோருக்கும் உழவு இருப்பதால் வாடகை வண்டியும் கிடைக்காது. நாற்று முதிரும், தூர் குறையும், முறைத் தண்ணீரும் தவறும். மெக்கானிக்கிடம் கொடுத்த பணம் மட்டும் நம் கண்ணுக்குத் தெரியும். வயலில் இழந்த மூட்டைகளை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால்தான் ஆயில் பயிர் சாகுபடி சார்ந்த விஷயமும் ஆகிறது.

சிந்தெடிக் என்றால் என்ன?

எந்த எஞ்சின் ஆயிலிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று அடிப்படை எண்ணெய். மற்றொன்று அதில் கலக்கும் சேர்க்கைப் பொருட்கள். கரியைத் தேங்கவிடாமல் மிதக்க வைப்பது, அமிலத்தை முறிப்பது, உலோகம் உலோகத்தோடு உரசாமல் காப்பது ஆகிய வேலைகளில் பெரும்பங்கு இந்தச் சேர்க்கைப் பொருட்களுடையது. மினரல் ஆயிலிலும் இவை உண்டு, சிந்தெடிக் ஆயிலிலும் உண்டு. வேறுபாடு அடிப்படை எண்ணெயில்தான். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது மினரல். வேதியியல் முறையில் மூலக்கூறுகளை ஒரே சீராகக் கட்டி உருவாக்குவது சிந்தெடிக்.

ஆனால், சந்தையில் 'சிந்தெடிக்' என்று விற்பவை எல்லாம் இப்படி உருவாக்கப்பட்டவை அல்ல. கச்சா எண்ணெயிலிருந்து எடுத்ததையே ஹைட்ரஜன் செலுத்தி மிகக் கடுமையாகச் சுத்திகரித்து மாற்றியமைத்த எண்ணெயையும் சிந்தெடிக் என்று விற்கிறார்கள். அதை அப்படி அழைக்கலாமா என்று அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆயில் நிறுவனங்களுக்கு இடையே தகராறே நடந்தது. விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு 1999இல் 'அழைக்கலாம்' என்ற பக்கம் முடிவு சொன்னது. அதன்பிறகு அந்தச் சொல் பரந்துவிட்டது. 'செமி சிந்தெடிக்' என்றால் இரண்டும் கலந்தது. எது எத்தனை பங்கு என்பது பெரும்பாலும் கேனில் இருக்காது. ஆகவே, கேனின் முகப்பில் உள்ள பெரிய எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதற்கில்லை.

சிந்தெடிக் ஆயிலுக்கு உண்மையான பலன்கள் உண்டு. கடும் குளிரிலும் கெட்டியாகாமல் ஓடும். அதிக வெப்பத்தில் சீக்கிரம் சிதையாது. ஆவியாகிக் குறைவதும், கசடு படிவதும் குறைவு. இந்தப் பலன்களில் எது நம் வயலுக்குப் பொருந்தும் என்பதே கேள்வி.

முதலில் குளிர். நம் டிராக்டர்களில் பரவலாக ஊற்றப்படும் 15டபிள்யூ-40 ஆயிலில் உள்ள '15டபிள்யூ' என்பது குளிர்காலத் தகுதி. மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் வைத்து அது பரிசோதிக்கப்படுகிறது. நீலகிரியில் உறைபனி கொட்டும் அதிகாலையிலும் வெப்பநிலை அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. கனடாவிலும் வடக்கு ஐரோப்பாவிலும் விவசாயிகள் சிந்தெடிக்குக்குப் பணம் கொடுப்பதற்குப் பெரிய காரணம் இந்தக் குளிர்தான். நமக்கு அந்தக் காரணமே இல்லை.

அடுத்து வெப்பம். மத்தியப் பிரதேசம் பூத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனத்தில், டிராக்டர் எஞ்சினைச் சுமார் 43 டிகிரி வெப்பச் சூழலில் பல மணி நேரம் சுமையோடு ஓட்டிப் பார்க்கிறார்கள். ஆயிலின் வெப்பநிலையையும், எவ்வளவு ஆயில் குறைந்தது என்பதையும் அளக்கிறார்கள். நிறுவனம் பரிந்துரைத்த தரத்து ஆயிலோடுதான் இந்தச் சோதனை. டர்போ இல்லாத சாதாரண எஞ்சினில், கையேடு சொல்லும் மினரல் ஆயில் நம் சித்திரை வெயிலைத் தாங்கும்.

கேனில் படிக்க வேண்டிய இரண்டு குறியீடுகள்

'மினரலா, சிந்தெடிக்கா' என்று கேட்பதற்கு முன்பு இரண்டு குறியீடுகளைப் பாருங்கள். முதலாவது, ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டும் எண். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 என்று இருக்கும். இதில் இரண்டாவது எண், எஞ்சின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. சிந்தெடிக் கேன்களில் பல 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ரகம்; கார்களுக்காகத் தயாரிக்கப்படுபவை. 40 கேட்கும் டிராக்டரில் 30ஐ ஊற்றினால், விலை அதிகம் கொடுத்தும் பாதுகாப்பு குறையும்.

இரண்டாவது, ஏ.பி.ஐ. தரக் குறியீடு. டீசல் எஞ்சின் ஆயிலுக்கு அது 'சி' என்ற எழுத்தில் தொடங்கும்: சிஎஃப்-4, சிஜி-4, சிஹெச்-4, சிஐ-4, சிஜே-4, சிகே-4. இரண்டாவது ஆங்கில எழுத்து அகர வரிசையில் பின்னால் போகப் போகத் தரம் புதியது. சிஹெச்-4 வந்தது 1998இல், சிஐ-4 2002இல், சிகே-4 2016 இறுதியில். சிஎஃப்-4, சிஜி-4 ஆகியவை காலாவதியான தரங்கள். ஆனாலும் மலிவு ஆயில்களில் அந்தக் குறியீடு இன்னும் கண்ணில் படலாம். உங்கள் கையேடு சிஹெச்-4 கேட்டால் சிஐ-4 ஊற்றலாம். சிஐ-4 கேட்கும் எஞ்சினில் சிஎஃப்-4 ஊற்றக் கூடாது. 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்கும் குறியீடு மட்டும் இருந்தால் அது பெட்ரோல் எஞ்சினுக்கானது. பைக்குக்கு வாங்கி மீந்த ஆயிலை டிராக்டரில் ஊற்றும் பழக்கம் வேண்டாம்.

சிஐ-4 தரமுள்ள மினரல் ஆயில், சிஎஃப்-4 தரத்தில் நின்றுவிட்ட ஆயிலைவிட உங்கள் எஞ்சினுக்கு நிச்சயம் மேலானது. இருநூறு ரூபாய் குறைகிறது என்று பழைய தரத்தை வாங்குபவரும், தேவையில்லாமல் ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பவரும் செய்வது ஒன்றுதான்: குறியீட்டைப் படிக்காமல் வாங்குகிறார்கள்.

கியர் பெட்டி, ஹைட்ராலிக், ஆயிலில் மூழ்கிய பிரேக் ஆகியவற்றுக்கு ஊற்றுவது முற்றிலும் வேறு ஆயில் என்பதையும் நினைவில் வையுங்கள். எஞ்சின் ஆயில் மீந்தால் அதைப் பின்பக்கம் ஊற்றாதீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விலை ஊருக்கு ஊர், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணக்குக்காக மட்டும் மினரல் லிட்டர் 300 ரூபாய், சிந்தெடிக் 700 ரூபாய், ஃபில்டர் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினுக்கு 8 லிட்டர் பிடிக்கும். ஒருமுறை மாற்ற மினரலுக்கு 2,800 ரூபாய். சிந்தெடிக்குக்கு 6,000 ரூபாய்.

சொந்த நிலத்துக்கு மட்டும் ஓட்டும் ஒருவரின் டிராக்டர் ஆண்டுக்கு 200 முதல் 250 மணி நேரம் ஓடுகிறது. எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிட வேண்டும். உள்ளே சேரும் ஈரமும் அமிலமும் ஆயிலில் தங்கி உலோகத்தை அரிக்கும். ஆக, சிந்தெடிக் 500 மணி தாங்கும் என்றாலும் இவருக்கு அந்த 500 மணி வருவதற்குள் இரண்டு ஆண்டு ஆகிவிடும். இரண்டு ஆயிலையும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும். ஆண்டுக்கு 3,200 ரூபாய் கூடுதல் செலவு. அதற்குக் கைமேல் பலன் ஏதும் இல்லை.

வாடகைக்கு ஓட்டும் இன்னொருவரின் டிராக்டர் ஆண்டுக்கு 1,000 மணி நேரம் ஓடுகிறது. மினரல் ஆயிலை 250 மணிக்கு ஒருமுறை மாற்றினால் நான்கு முறை, 11,200 ரூபாய். அவருடைய டிராக்டரின் கையேடு, சிந்தெடிக் ஊற்றினால் 500 மணி ஓட்டலாம் என்று எழுத்தில் அனுமதித்திருந்தால் இரண்டு முறை, 12,000 ரூபாய். கிட்டத்தட்டச் சமம். சீசனில் இரண்டுமுறை வண்டியை நிறுத்தும் வேலை மிச்சம். இவர் சிந்தெடிக்கைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது. கையேடு அனுமதிக்காமல் 250 மணிக்கே மாற்ற வேண்டும் என்றால் அதே செலவு 24,000 ரூபாய் ஆகிவிடும்.

கையேடு அனுமதிக்காத நிலையில், 'சிந்தெடிக்தானே' என்ற தைரியத்தில் 500, 600 மணிக்கு இழுப்பவர்கள்தான் உண்மையில் ஏமாறுகிறார்கள். டீசல் எரிந்து வரும் கரியும், ஃபில்டரில் சேரும் அழுக்கும் ஆயிலின் விலையைப் பார்ப்பதில்லை. ஃபில்டர் அடைத்துவிட்டால், எஞ்சின் வறண்டுபோகாமல் இருக்க அதிலுள்ள வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே பேரிங்குக்கு அனுப்பும். ஓட்டுபவருக்கு வெளியே எந்த அடையாளமும் தெரியாது. விலை அதிகமான ஆயிலை நீண்ட நாள் ஓட்டுவதைவிட, சரியான தரமுள்ள சாதா ஆயிலை நேரத்துக்கு மாற்றுவதே எஞ்சினுக்கு நல்லது.

மணிக்கணக்கு எப்படி?

இதெல்லாம் ஹவர் மீட்டர் வேலை செய்தால்தான் நடக்கும். பல பழைய டிராக்டர்களில் அது நின்று பல வருடம் ஆகியிருக்கும். ஓடும் மீட்டரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய மாடல்களில் மீட்டர், எஞ்சினின் சுற்றுகளை வைத்தே மணியைக் கணக்கிடும். வேகம் குறைவாக வைத்து ஓட்டினால் கடிகார நேரத்தைவிடக் குறைவாகக் காட்டும். எலக்ட்ரானிக் மீட்டர்கள் கடிகார நேரத்தையே காட்டும்.

மீட்டர் பழுதானவர்கள் டீசல் பில்லைப் பிடியுங்கள். 40–50 குதிரைத்திறன் டிராக்டர், வேலையைப் பொறுத்துச் சராசரியாக மணிக்கு 4 லிட்டர் குடிக்கிறது என்றால், 1,000 லிட்டர் டீசல் ஊற்றியதும் 250 மணி ஓடியதாகக் கொள்ளலாம். ஒரு நோட்டில் தேதி, டீசல் லிட்டர், ஆயில் மாற்றிய நாள் ஆகிய மூன்றை எழுதினால் போதும். புது டிராக்டராக இருந்தால் முதல் ஆயில் மாற்றம் பெரும்பாலும் 50 மணிக்கே வரும். அதைத் தவறவிடக் கூடாது.

கறுப்பு ஆயிலும் வயல் தூசியும்

ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். டீசல் எஞ்சினில் புது ஆயில் ஊற்றிச் சில மணி நேரத்திலேயே கறுப்பது இயல்பு. கரியை அடியில் படியவிடாமல் தன்னோடு தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்பதுதான் அதற்குப் பொருள். கவலைப்பட வேண்டியது வேறு அறிகுறிகளுக்கு. பால் கலந்த காபி போல நிறம் மாறினால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் ஸ்டிக்கில் அளவு ஏறினால் டீசலோ கூலன்டோ இறங்குகிறது. விரலில் தேய்த்தால் நறநறவென்றால் மண் போயிருக்கிறது. இவற்றில் எது தெரிந்தாலும் ஆயில் பிராண்டை மாற்றிப் பயனில்லை. மெக்கானிக்கை அழைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எஞ்சினுக்குப் பெரிய எதிரி தூசி. மண்ணில் உள்ள சிலிக்கா, லைனரையும் ரிங்கையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். புழுதி உழவு, காய்ந்த வயலில் ரோட்டவேட்டர், கதிரடித்தல், வைக்கோல் கட்டுதல் ஆகிய வேலைகளில் டிராக்டர் தூசிப் படலத்துக்குள்ளேயே நிற்கிறது. ஏர் கிளீனர் ஹோஸில் ஒரு சிறு விரிசல், தளர்ந்த ஒரு கிளிப் இருந்தால் போதும். ஆயில் ஊற்றும் வகை ஏர் கிளீனர் என்றால், கிண்ணத்தில் சேறு சேர்ந்ததும் கழுவி, குறியிட்ட அளவுக்குப் புது ஆயில் ஊற்ற வேண்டும். தூசி வேலை நடக்கும் நாட்களில் தினமும் பார்க்க வேண்டும். பேப்பர் ஃபில்டர் என்றால் உள்ளிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் காற்றடிக்க வேண்டும். தரையில் தட்டிச் சுத்தம் செய்தால் பேப்பர் கிழியும்.

யாருக்கு சிந்தெடிக் தேவை?

2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு 'டிரெம் 4' என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறையில் உள்ளது. இவற்றில் டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் தெளிக்கும் காமன் ரெயில் அமைப்பு வந்திருக்கிறது. புகையைச் சுத்தப்படுத்தும் பாகங்களும் இருக்கலாம். அப்படிப்பட்ட எஞ்சின்களுக்குச் சாம்பல் குறைவாக விடும் சிஜே-4, சிகே-4 போன்ற தரங்கள் கேட்கப்பட்டால் அதில் சமரசம் கூடாது. தவறான ஆயில் புகைக் குழாயில் உள்ள விலை உயர்ந்த பாகத்தை அடைத்துவிடும், வாரன்டியும் போகலாம். அங்கும் முதலில் பார்க்க வேண்டியது தரக் குறியீடுதான். சிகே-4 தரத்தில் மினரல் ஆயிலும் உண்டு.

டர்போ பொருத்திய எஞ்சின், சீசனில் இரவு பகலாக ஓடும் நெல் அறுவடை இயந்திரம், ஆண்டுக்கு ஆயிரம் மணிக்கு மேல் ஓடும் வாடகை வண்டி ஆகியவற்றுக்கு சிந்தெடிக் பற்றி யோசிக்கலாம். டர்போவின் பேரிங்கைத் தொட்டு வரும் ஆயில் கடுமையாகச் சூடாகிறது. அங்கே சிந்தெடிக்கின் வெப்பத் தாங்குதிறன் உண்மையிலேயே உதவும். எந்த ஆயிலாக இருந்தாலும், டர்போ எஞ்சினை நிறுத்துவதற்கு முன் ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள்.

தேய்ந்து புகை தள்ளும் பழைய எஞ்சினுக்கு சிந்தெடிக் மருந்தல்ல. ரிங் தேய்ந்திருந்தால், விலை உயர்ந்த ஆயிலும் சேர்ந்தே எரியும். 'டீசல் மிச்சமாகும்' என்ற பேச்சையும் அளவோடு நம்புங்கள். உழவில் டீசல் செலவைப் பெரிதும் முடிவு செய்பவை சரியான கியர், டயர் காற்று, சக்கரம் வழுக்காமல் இருக்கத் தேவையான எடை, கலப்பையின் ஆழம் ஆகியவையே.

டீசலில் நல்ல மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கிடைக்கும் டீசலில் கந்தகம் 10 பிபிஎம் அளவுக்குக் குறைந்துவிட்டது. முன்பு இது பல மடங்கு அதிகம். கந்தகம் எரிந்து உண்டாகும் அமிலம் குறைந்ததால் ஆயிலின் சுமையும் குறைந்துள்ளது. சாதா ஆயில் இன்றைக்குப் போதுமானதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், கையேட்டின் மணிக்கணக்கைத் தாண்ட இது அனுமதி அல்ல.

அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியவை

டிராக்டர் கையேட்டைத் தேடினால் பல வீடுகளில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் வண்டி ஓட்டுபவர் படிக்கும் மொழியில் இருப்பதில்லை. பெரும்பாலும் ஓட்டுபவர் ஒருவர், ஆயில் வாங்குபவர் இன்னொருவர். ஆயில் தரம், எத்தனை லிட்டர், எத்தனை மணிக்கு ஒருமுறை, எந்த ஃபில்டர் ஆகிய நான்கு தகவல்களையும் தமிழில் அச்சிட்டு, அழியாத பட்டையாக டிராக்டரிலேயே ஒட்டித் தர வேண்டும். மானியத்தில் வழங்கப்படும் இயந்திரங்களுக்காவது வேளாண் பொறியியல் துறை இதை நிபந்தனையாக வைக்கலாம். களப் பணியாளர்கள் பயிர்ப் பயிற்சி நடத்தும் நாளில் அரை மணி நேரத்தை ஏர் கிளீனருக்கும் ஆயில் கேனைப் படிப்பதற்கும் ஒதுக்கலாம். பணம் செலவாகாத விரிவாக்கப் பணி இது.

போலி ஆயிலும் கவலைக்குரியது. பீப்பாயிலிருந்து அளந்து தரும் ஆயிலை வாங்காதீர்கள். சீல் உடையாத கேனை, பில்லோடு வாங்குங்கள். காலியான கேனை வெட்டிப் போடுங்கள். முழுதாக விற்றால் அது போலி ஆயிலோடு உங்களிடமே திரும்பி வரலாம். வடித்த பழைய ஆயிலை வாய்க்காலிலோ வரப்பிலோ ஊற்ற வேண்டாம். சட்டப்படி அது அபாயகரக் கழிவு. தேய்ந்த உலோகமும் எரிந்த வேதிப்பொருட்களும் அதில் உள்ளன. மூடிய கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்கும் பணிமனையில் கொடுங்கள்.

அடுத்த உழவுக்கு வண்டியை எடுக்கும் முன், கையேட்டில் ஆயில் பக்கத்தைத் திறந்து தரக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கையேடு இல்லையென்றால் டீலரிடம் எழுதி வாங்குங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் சூட்டோடு பழைய ஆயிலை முழுவதும் வடியுங்கள். சிந்தெடிக்குக்காக எடுத்து வைத்த பணம் மிச்சமானால், அதில் முதலில் ஒரு அசல் ஆயில் ஃபில்டரும், ஏர் கிளீனருக்குப் புது ஹோஸும் கிளிப்பும் வாங்குங்கள்.